அடைத்த விரிசல்

மலையடிவார விடுதியின் வெந்நீர்க் குளம் காய்ந்து கிடக்கிறது. புது டைல்ஸில் காலை வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. விருந்தினர்கள் தோளில் துண்டோடு விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து, வெறும் காற்றில் காலை ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள். "தண்ணி எப்பதாங்க வரும்?" என்கிறாள் பல்வைத்தியரின் மனைவி. வெள்ளை ஷூ மேனேஜர் பெருமையாகச் சிரிக்கிறார். "சாயந்தரத்துக்குள்ள ரொம்பிடும்மா. அடியில பெரிய விரிசல் இருந்துச்சு. போன வாரம் தண்ணிய இறைச்சிட்டு, நானே கூட நின்னு சிமென்ட் வச்சு அடைச்சேன். இனிமே ஒரு சொட்டு ஒழுகாது." ஒழுகாதுதான். மலையில் பெய்த மழை சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் கரைத்து வழி உண்டாக்கி, பூமி கொதிக்கும் ஆழம்வரை இறங்கிச் சூடேறி, அந்த விரிசல் வழியாகத்தான் இத்தனை காலம் மேலே வந்துகொண்டிருந்தது. வரவேற்பறைச் சுவரில் இதையே வண்ணப்படமாக மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் குச்சியால் தொட்டுத் தொட்டு அதை விளக்குகிறவரும் இந்த மகா புத்திசாலியேதான். "நல்ல காரியம் சார்," என்கிறார் பல்வைத்தியர். "எவ்வளவு தண்ணி வீணாப் போயிருக்கும்." விளிம்பில் இருக்கும் படித்த தலைகள் அத்தனையும் சேர்ந்து ஆடுகின்றன. மதிலுக்குப் பின்னால், குப்பை கொட்டும் பள்ளத்தில், ஒரு பாறையிடுக்கிலிருந்து ஆவி பறக்கிறது. அங்கே புதிதாகத் தேங்கியிருக்கும் வெந்நீரில் சொறிநாய் ஒன்று கழுத்துவரை அமிழ்ந்து, சுகமாகக் கண்ணை மூடிக் கிடக்கிறது.