அஞ்சாம் அத்தியாயம்

"சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாரும் இங்க கூடணும். மூணாம் அத்தியாயம் பத்திப் பேசப் போறேன்" என்று சொல்லிவிட்டு லாண்டரி முதலாளி வெளியே போனார்.

கடையில் அவருக்குப் பட்டப்பெயரே 'அத்தியாயம்'தான். வைத்தவள் கவுண்டரில் ரசீது போடும் அக்கா. தலைமைப் பண்பைப் பற்றி ஏதோ ஒரு புத்தகம் வாங்கினாலும் வாங்கினார், மனுஷன் வாயைத் திறந்தால் அத்தியாயம்தான். தலைவன் ஆட்களோடு ஆளாக இருக்கணுமாம். துவைக்கிற மெஷின் பக்கத்தில் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டு, முழங்கால்வரை நனைந்து, ஒரு வாரம் தும்மிக்கொண்டிருந்தார்.

"அஞ்சாம் அத்தியாயத்துல, பிள்ளையை ஸ்கூல்ல விட்டுட்டு வர்ற அம்மாவெல்லாம் அரை மணி லேட்டா வரலாம்னு போட்டிருக்காம். எனக்கு லாபம்தான். ஆனா இதையெல்லாமா புக்கு படிச்சுத் தெரிஞ்சுக்கணும்?" என்று அவளே எல்லாரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் இஸ்திரிக்காரர் ஒரு பட்டுச் சட்டையைக் கருக்கிவிட்டார். இது மூன்றாவது தடவை. முன்னே ஒரு திரைச்சீலை, அப்புறம் ஒரு டாக்டரின் கோட்டு. இஸ்திரிப்பெட்டியில் சூட்டைக் காட்டும் எண் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. குத்துமதிப்பாகத் திருகுகிறார். சொன்னால் வேலை போய்விடுமே என்று சொல்வதுமில்லை.

"என்னை அனுப்பிடுவாராம்மா? இந்த வயசுல யாரு எடுப்பா?" என்று அவர் அவளிடம் கேட்டார்.

முதலாளியின் மேஜைமேல் புத்தகம் கிடந்தது. அதுவரை அட்டையைத் தவிர யாரும் பார்த்ததில்லை. மூணாம் அத்தியாயத்தைப் புரட்டினாள்.

'மூன்றாவது தவறுக்கும் இரக்கம் காட்டுபவன் நிர்வாகியே அல்ல. அன்றே வெளியேற்று.'

போச்சு, மனுஷன் கதை முடிந்தது என்று மூடிவைத்தாள். மதியம் சோறு இறங்கவில்லை.

எல்லாரும் கூடினார்கள். முதலாளி கண்ணாடியை மாட்டி, அதே பக்கத்தை விரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"'ஒருவர் ஒரே இடத்தில் மூன்று முறை தவறினால் தப்பு ஆளிடம் இல்லை, இடத்தில் இருக்கிறது. இடத்தை மாற்று.' கேட்டீங்களா? அண்ணே, இன்னிலேர்ந்து நீங்க துணி மடிக்கிற பக்கம் வந்துடுங்க. சம்பளம் அதேதான். பட்டுச் சட்டைக்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன். அதுவும் இதுலயே போட்டிருக்கு."

இஸ்திரிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "எழுதின புண்ணியவான் நல்லா இருக்கணும்" என்று புத்தகத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

எல்லாரும் கலைந்ததும் அவள் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"சார், அந்தப் பக்கத்தை நானும் படிச்சேன்."

முதலாளி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"மெதுவாப் பேசும்மா. நானாச் சொன்னா, இவன் இளிச்சவாயன்னு ஆளாளுக்கு என் தலையில மிளகாய் அரைப்பாங்க. புத்தகத்துல இருக்குன்னா நிர்வாகம்னு கேட்டுக்குவாங்க."

அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அப்போ என்னோட அஞ்சாம் அத்தியாயத்துல நிஜமாவே என்ன சார் போட்டிருக்கு?"

முதலாளி புத்தகத்தை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

"இதுல மொத்தமே நாலு அத்தியாயம்தாம்மா."