அரை ஆபரேசன்

"ஹார்லிக்ஸ் பாட்டில் மட்டும் பதினொண்ணு வந்திருக்குது அவங்க ஊட்டுக்கு. நமக்கு ஒண்ணு வந்துச்சா?"

மயிலம்மாளுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? அடுத்த வீடுதான் அவள் புருசன் பொன்னனின் அண்ணன், மூத்தார் கருப்பண்ணன் வீடு. வாசலில் செருப்பு வைக்க இடமில்லை.

அண்ணனும் தம்பியும் ஒரே பைக்கில் ராசிபுரம் போனவர்கள். மண்ணில் சறுக்கி வண்டி இடப்பக்கம் சாய்ந்ததில் இருவருக்குமே இடது முட்டி போயிற்று. உள்ளே தசைநார் எலும்புத் துணுக்கோடு பிய்ந்துவிட்டது என்றார் சேலத்து டாக்டர். ஒரே நாளில் இருவருக்கும் ஆபரேசன்.

அண்ணனுக்கு ஒரு சாண் கிழித்து, தையல் போட்டு, தொடை வரைக்கும் மாவுக்கட்டு. தம்பி பொன்னனுக்கோ டி.வி. மாதிரி ஒரு பெட்டியில் எலும்பைப் பார்த்தபடியே இரண்டு துளை. அதன் வழியாக ஒரு ஸ்க்ரூவை முடுக்கி அனுப்பிவிட்டார்கள்.

பார்க்க வந்த சனம் மாவுக்கட்டின் முன்னால் உட்கார்ந்து உச்சுக் கொட்டியது. பொன்னன் காலைப் பார்த்து, "இதென்னப்பா, பூரான் கடிச்சாப்பல இருக்குது!" என்று சிரித்துவிட்டுப் போனது.

"உடு புள்ள. எனக்குக் கால் மடங்கினாப் போதும். தை பொறந்து நான் வரலீன்னா லாரிக்கு வேற டிரைவரைப் போட்டுருவேன்னுட்டாரு முதலாளி" என்றான் பொன்னன்.

"அவரு பால் சொசைட்டி பிரசிடெண்டு. அதான் அவருக்கு முழு ஆபரேசன், நமக்கு அரை ஆபரேசன்!"

குழாயடியிலும் அவள் வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க மூத்தாரு வேணும்னே பெருசாக் கிழிச்சுக்கிட்டு வந்து சனஞ் சேக்கறாரு" என்றாள். மூத்தார் மனைவி ராசம்மாள் அங்கேதான் நின்றிருந்தாள். ஒரு வார்த்தை பேசாமல் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். என்ன திமிர் என்று அதற்கும் மயிலம்மாளுக்குக் கோபம்.

ஆறாவது வாரம் சேலத்தில் டாக்டர் பொன்னன் காலை மடக்கிப் பார்த்தார்.

"அருமையா மடங்குது. தை மாசம் லாரி எடுக்கலாம்."

பொன்னனுக்குக் கண் கலங்கிவிட்டது. மயிலம்மாளுக்கு அப்போதும் ஆறவில்லை.

"ஏனுங்க டாக்டரு, ஒடஞ்சது ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி. அவருக்கு அவ்ளோ பெருசாப் பண்ணிப்போட்டு இவருக்கு மட்டும் ஏனுங்க இத்தினியூண்டு?"

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"பெருசாக் கிழிக்கறது பழைய முறைம்மா. அதுல முட்டி முழுசா மடங்கறது சந்தேகம். இதுதான் புதுசு. அந்த டி.வி. மிஷினைக் கோயமுத்தூர்ல இருந்து ஒரே ஒருத்தருக்காக வரவழைச்சோம். அந்த ஒரு ஆபரேசன் முடிஞ்சதுமே திரும்பிப் போயிருச்சு."

"ஒருத்தருக்குன்னா... யாருக்குங்க?"

"உங்க மூத்தாருக்கு. ஆபரேசனுக்குக் கூட்டிட்டுப் போறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டார். 'எனக்குக் காடு தோட்டத்துல நடந்தாப் போதுமுங்க. தம்பி கிளச்சு மிதிக்கோணும், அதை அவனுக்குப் பண்ணிப்போடுங்க. மயிலாகிட்ட மட்டும் சொல்லாதீங்க, அந்தப் புள்ள சங்கடப்படும்'னார்."