ஆறு மெஷினுக்கு ஒரு ஆள்

"தியாகம் என்ற சொல்லுக்குக் கையும் காலும் முளைத்தால், அது இந்தப் பெண்ணைப் போலத்தான் இருக்கும்!" என்று முழங்கினார் தலைமை மருத்துவர். அந்தப் பெண் அப்போது அவர் பக்கத்தில் இல்லை. மூன்றாம் நம்பர் டயாலிசிஸ் மெஷின் கத்தத் தொடங்கியதால், கொடுத்த பூங்கொத்தோடு அங்கே ஓடியிருந்தாள்.

ஏழு வருடமாக ஆறு மெஷின்களுக்கும் அவள் ஒருத்திதான் டெக்னீஷியன். அடுத்த வாரம் நர்ஸிங் படிக்கப் போகிறாள் என்று அந்த அறையிலேயே பிரிவு உபசாரம். ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது என்பதால், நோயாளிகள் மற்ற கையால் தொடையில் தட்டிப் பாராட்டினார்கள்.

மூன்றாம் நம்பர் கட்டிலில் தையல்காரர். அவர் முழங்கைக்கடியில் மடங்கிக் கிடந்த குழாயை அவள் நேராக்கினாள், சத்தம் நின்றது.

"என்ன அண்ணே, மூணு நாள்ல மூணு கிலோ ஏத்திட்டு வந்திருக்கீங்க? ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணி, அதுக்கு மேல ஒரு சொட்டு கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"உன் பங்கையும் சேத்துக் குடிக்கிறேன் தங்கச்சி. ஏழு வருசத்துல நீ தண்ணி குடிச்சு நான் பாத்ததே இல்லையே."

"குடிச்சா ரெண்டு மாடி இறங்கி பாத்ரூம் போகணும். அதுவரைக்கும் உங்களை யாரு பாக்கிறது, டாக்டரா?"

தையல்காரர் சிரித்தார். "உன் நர்ஸ் உடுப்பை வெட்டியே வச்சிட்டேன். ஆனா போன மாசம் எடுத்த அளவு இப்ப பத்தாது போலிருக்கே! சந்தோசத்துல பூசினாப்பல ஆயிட்ட."

அவள் பூங்கொத்தோடு திரும்பி வந்தாள். இமைகள் வீங்கியிருந்தன. பிரிவுத் துயரம் என்று எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

"இன்னொரு ஆள் போடுங்கள் என்று ஒரு நாளாவது முகம் சுளித்திருப்பாளா?" என்று தொடர்ந்தார் தலைமை மருத்துவர். இன்னொரு ஆள் கேட்டு அவள் கொடுத்த நான்கு மனுக்களும் அவருடைய மேசை இழுப்பறையில், முகம் சுளிக்காமல்தான் இருந்தன.

பளபளக்கும் தாளில் சுற்றிய பரிசைக் கையில் எடுத்தார். "இது நிர்வாகத்தின் சிறு காணிக்கை. வேறு என்ன வேண்டுமோ கேளம்மா. இன்று உனக்கு இல்லை என்று சொல்ல மாட்டேன்."

அவள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கல்லூரியிலிருந்து காலையில் வந்த கவர் அதில் இருந்தது. இன்னும் யாருக்கும் காட்டவில்லை.

"செவ்வாய், வெள்ளி காலையில ஒரு மெஷின் வேணும் டாக்டர்."

"பூ, இவ்வளவுதானா! கொடுத்தாயிற்று. யாருக்கு, சொந்தக்காரங்களுக்கா?"

அவள் கவரை நீட்டினாள். கல்லூரிச் சேர்க்கைக்காக எடுத்த மருத்துவப் பரிசோதனையின் முடிவு. 'தகுதி இல்லை' என்று முத்திரை குத்தி, சிறுநீரகம் என்ற வரியைச் சிவப்பு மையால் இரண்டு முறை சுழித்திருந்தார்கள்.

"எனக்குத்தான் டாக்டர். ஊசி நானே போட்டுக்குவேன். வேற ஆள் இல்லையே."

யாரும் தொடையில் தட்டவில்லை. தையல்காரர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையை என்ன செய்வதென்று தெரியாமல், தலைமை மருத்துவர் தானே பரிசுப் பொட்டலத்தைப் பிரித்தார்.

உள்ளே இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இருந்தது.