கூடுதல் கையிருப்பு

பம்ப் கம்பெனி ஸ்டோர்கீப்பர் அருள்நாதன் திரையைப் பார்த்துத் திடுக்கிட்டார். உதிரிபாகம் தீரப்போவதை முன்பே அறிந்து ஆர்டர் போடும் மென்பொருள், மோட்டார் காயில் சுற்றும் புஷ்பத்துக்கும் மாற்று ஆள் கேட்டிருந்தது. அது இதுவரை தவறியதில்லை.

“அக்கா, உடனே ஆஸ்பத்திரிக்குப் போலாங்க.”

“எனக்கென்ன கேடு சாமி? உன்னையும் தூக்கிட்டு நடப்பேன்!”

இதயத்தில் அடைப்பு இருந்தது. கர்த்தர் கிருபையால் பிழைத்துக்கொண்டார்.

புஷ்பம் வேலைக்குத் திரும்பிய அன்றே, மாற்றாக வந்த ரெபேக்கா டிபன் பாக்ஸோடு வாசலில் நின்றாள். திரையில் எழுத்து ஓடியது: “காயில் சுற்றுபவர் ஒருவர் கூடுதல். இன்றைய கேமரா கணக்கெடுப்பில் கழிக்கப்படும்.”

வேறு பிரிவுகளில் அப்படிக் கழிக்கப்பட்ட யாரும் வீடு திரும்பியதில்லை.

அருள்நாதன் அவளை அலமாரிக்குப் பின்னால் உட்காரவைத்து, தன் தேநீரைக் கொடுத்தார்.

“எண்ணுற கேமரா போறவரைக்கும் அசையாதம்மா.”