இரும்புச் சுவருக்குப் பின்னால்

பூமிக்கு அடியில், துகள்கள் மோதிச் சிதறும் இடத்தைச் சுற்றி மூன்று பேர் காவல் இருந்தார்கள். உள்ளே, கடந்துபோகும் துகள்களின் தடத்தைப் பதியும் சிலிக்கான் தகடு, நடுவில் தடித்த இரும்புச் சுவர், எல்லோருக்கும் வெளியே வாயு நிரப்பிய ஒரு குழாய்.

"என்னைத் தாண்டி இதுவரை ஒரு துகள் பயலும் போனதில்லை. நீ பேசாமத் தூங்கு தம்பி" என்று சுவர் தினமும் சொல்லும். குழாய் சிரித்துக்கொண்டே விழித்திருக்கும். தன் வேலை என்னவென்று அதற்குத் தெரியும்.

ஒருநாள், "ஒருத்தன் லேசா வளைஞ்சு உங்க பக்கம் வர்றான்!" என்று தகடு கத்தியது.

சுவர் தன் உடம்பைத் தடவிப் பார்த்தது. "என்மேல எவனும் முட்டி நிக்கலையே. உனக்குக் கண்ணு மங்கிப்போச்சு. அந்தத் தடத்தை அழிச்சிடு."

மற்றக் காவலர் யாரும் சாட்சி சொல்லாத தடத்தை அழிப்பதுதான் அங்கே வழக்கம். தகடு தயங்கித் தயங்கி அழிக்கப் போனது.

"அழிக்காதே" என்றது குழாய். "நீ சொன்ன திசையிலேயே வந்து, இப்பத்தான் என்னைத் தொட்டுட்டுப் போனான். அவன் மியூவான்ங்கிற துகள். இரும்பை ஊடுருவிப் போறது அவன் சுபாவம்."

"பொய்! என்னைத் தாண்டி எவனாலும் போக முடியாது!"

குழாய் குரலை உயர்த்தவே இல்லை.

"சரிண்ணே. அப்படின்னா, கட்டினவங்க என்னை எதுக்கு உங்க முதுகுக்குப் பின்னால நிறுத்தினாங்க?"