ஒரே ஆள் போட்ட ஓட்டு

“என்ன மாப்பிள்ளை, ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு நெட்டா?” என்று கேட்டபடி உள்ளே வந்தார் தேவநேசன்.

ஜெர்சன் திரும்பவில்லை. குன்னூரில் வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவர். மேஜையில் பிராட்பேண்ட் பெட்டி, ஒரு நெட் டாங்கிள், பக்கத்தில் இரண்டு போன். நாலையும் அந்த ஒற்றைக் கம்ப்யூட்டரில் கோத்து வைத்திருந்தார்.

“ஸ்டெபிக்கு ஓட்டு விழுது மச்சான்.”

“யாரு போடறாங்க?”

“ஸ்கிரிப்ட் எழுதி விட்டிருக்கேன். ஒவ்வொரு ஓட்டும் புதுப் போன்ல இருந்து வர்ற மாதிரி அதுவே போட்டுக்கும். எல்லாம் ஒரே நெட்ல போனா மாட்டிக்குவோம். அதான் நாலு.”

மாவட்ட அளவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி. ஜெர்சனின் மகள் ஸ்டெபியும் அதில் இருந்தாள். இணையத்தில் பொதுமக்கள் ஓட்டு, ஆளுக்கு ஒன்று. ஜெயிக்கிற பிள்ளைக்குச் சென்னையில் ஓவியப் படிப்பு, விடுதியோடு இலவசம்.

“ஸ்டெபிக்குத் தெரியுமா?”

“அவளுக்கு எதுக்குத் தெரியணும்? இந்தக் காலத்துல யாரு மச்சான் நேர்மையா ஓட்டு வாங்கறாங்க?”

தேவநேசன் வாசல் பக்கம் நடந்தார். தங்கச்சி வீட்டுக்காரரிடம் எவ்வளவுதான் பேச முடியும்?

போட்டி முடியப்போகும் சமயத்தில், சேரங்கோடு தேயிலை எஸ்டேட்டிலிருந்து வனிதா என்றொரு பெண் ஸ்டெபியைத் தாண்டிப் போனாள். ஒரே சாயங்காலத்தில் மளமளவென்று அத்தனை ஓட்டு.

ஜெர்சனுக்கு வந்ததே கோபம்.

“பாத்தீங்களா மச்சான்? அந்தக் காட்டுக்குள்ள இத்தனை ஓட்டு எங்கிருந்து வரும்? எவனோ ஒருத்தன் உட்கார்ந்து போடறான்.”

தன் வித்தையை இன்னொருவன் செய்தால் அவருக்குத் தெரியாதா? போட்டி நடத்துகிறவர்களுக்குக் கையோடு புகார் எழுதினார்.

மறுநாளே பதில் வந்துவிட்டது. நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான், வனிதாவின் ஓட்டெல்லாம் ஒரே இணைப்பிலிருந்துதான் வந்திருக்கிறது, ஒரே ஆள் போட்டது என்று தள்ளிவிட்டோம் என்றார்கள். நன்றி வேறு சொன்னார்கள்.

ஸ்டெபி ஜெயித்தாள்.

பரிசளிப்பு விழா குன்னூரிலேயே நடந்தது. போன் பேச வெளியே போய்த் திரும்பிய ஜெர்சன், அரங்கின் கடைசியில் நின்றார். அங்கே ஸ்வெட்டரும் சால்வையுமாக ஒரு கூட்டம் நின்றிருந்தது. அதில் ஒரு பெண் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

“பரிசு வாங்கற பாப்பா உங்க பொண்ணுங்களா சார்? நல்லா வரைஞ்சிருக்குதுங்க.”

“ஆமாம்மா. நீங்க?”

“விஜயாங்க. வனிதாவோட அம்மா. எங்க புள்ள படத்தையும் இங்க மாட்டியிருக்காங்கன்னு சொன்னாங்க, பாக்க வந்தோம்.”

ஜெர்சனுக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை.

“ஒரே கனெக்‌ஷன்ல அத்தனை ஓட்டும் போட்டா கண்டுபிடிக்க மாட்டாங்களாம்மா? புள்ளைக்கு நாமளே தப்பு வழி காட்டலாமா?”

விஜயாவின் சிரிப்பு போய்விட்டது.

“நாங்க குடியிருக்கற எஸ்டேட் லயத்துல டவரே கிடைக்காதுங்க சார். பேக்டரி ஆபீசுல மட்டும் ஒரு வைஃபை இருக்குது. கெஞ்சிக் கேட்டு ஒரு சாயங்காலம் விடச் சொன்னோம். பறிச்ச தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுட்டு, ஊட்டுக்குக்கூடப் போகாம மழையில வரிசையா நின்னு, ஆளுக்கு ஒரு ஓட்டுதாங்க போட்டோம். எல்லாம் ஒரே ஆளு போட்டதுன்னு யாரோ எழுதிப் போட்டுட்டாங்க.”

அவள் பின்னால் நின்றவர்களைக் காட்டினாள்.

“அந்த ஒரே ஆளு இவங்கதாங்க.”

ஜெர்சன் பார்த்தார். அவர்கள் யாரும் அவரைக் கவனிக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த வனிதாவின் படத்தை ஒருவருக்கொருவர் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் புகாரை எழுதாமல் இருந்திருக்கலாமே என்று அவர் மனசு அடித்துக்கொண்டது. நேரே மேடைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் மேடையில் நிற்பது ஒன்றுமறியாத ஸ்டெபி.

ஸ்டெபி மைக்கைப் பிடித்தாள்.

“எனக்கு ஓட்டுப் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நீங்க இல்லேன்னா நான் இங்க இல்லை.”

அந்த ‘எல்லாரும்’, விஜயாவின் பக்கத்தில் ஒற்றை ஆளாகத் தலை குனிந்து நின்றுகொண்டிருந்தார்.