இரவல் பிள்ளை

நவமணி இரவல் பிள்ளையோடு வந்து உட்கார்ந்திருந்தாள்.

கல்யாணத்துக்குப் போகப் பக்கத்து வீட்டில் சேலை இரவல் வாங்குவார்கள், சங்கிலி இரவல் வாங்குவார்கள். பத்து காஜா ஊருக்குப் போகிற ரோட்டோரம் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் பிள்ளையை இரவல் வாங்கியவள் அவள் ஒருத்திதான்.

மடியில் கிடந்தவன் பக்கத்து வீட்டு ராக்காயியின் மகன். பெயர் சன்னாசி. பெயர்தான் அப்படி, கையில் மடிப்பும் தொடையில் மடிப்புமாக, ஒரு வேளைப் பாலைக்கூடத் துறந்தவனாகத் தெரியவில்லை. ராக்காயி வயிறு முட்டக் குடிக்க வைத்து, தூங்க வைத்துத்தான் கொடுத்திருந்தாள். உடைக்காமல் திருப்பிக் கொண்டுவா என்று கேலியும் செய்திருந்தாள்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மாதாமாதம் தாய் சேய் நல வகுப்பு நடக்கும். டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் வெள்ளை உடுப்பு நர்ஸ் மிஸ்ஸி வருவாள். கீரை தின்னச் சொல்லுவாள், தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொல்லுவாள். விடியலிலிருந்து ரப்பர் பாலுக்கு மரம் வெட்டிவிட்டு வந்த பெண்கள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு தலையாட்டுவார்கள். தராசு வெளியே வந்தால்தான் எல்லாருக்கும் தூக்கம் கலையும்.

போன மாதம் அந்தத் தராசில் நவமணி தன் மகளை வைத்தாள். முள் நகரவே யோசித்தது. புள்ள பெத்தியா, கோழிக்குஞ்சு பெத்தியா என்று அன்றைக்கு வந்த மிஸ்ஸி கேட்டாள். கூடமே சிரித்தது. பேதி கண்டு எழுந்த பிள்ளை என்று சொல்ல நவமணிக்கு வாய் வரவில்லை. அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்றைக்கு வருவது புது மிஸ்ஸி என்று காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்கள். அங்கேதான் புத்தி கெட்டது. வகுப்புக்கு வராமலே இருந்திருக்கலாம். ஆனால் வராதவளைப் பற்றித்தான் கூடத்தில் அதிகம் பேசுவார்கள். அதனால் மகளை ராக்காயி வீட்டில் விட்டுவிட்டு, அவள் மகனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

சன்னாசியை வைத்ததும் முள் துள்ளியது. மிஸ்ஸி பூரித்துப்போனாள். நவமணியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் எல்லாருக்கும் முன்னால் நிறுத்தினாள்.

“புள்ள வளத்தா இப்படி வளக்கணும்லா. எல்லாரும் இந்தம்மாவப் பாத்துக்குங்க.”

எல்லாரும் பார்த்தார்கள். ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் வரிசை வீட்டு லயம் முழுக்க மணக்கிற இடம் அது. சன்னாசி யார் பெற்ற பிள்ளை என்று தெரியாதவள் அந்தக் கூடத்தில் மிஸ்ஸி ஒருத்திதான். ஆனாலும் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை, சிரிக்கவுமில்லை. அவர்கள் பரிதாபப்படுகிறார்கள் என்று நவமணிக்குப் புரிந்தது. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

அதற்குப் பிறகுதான் மிஸ்ஸி வேனிலிருந்து ஒரு பெட்டியை இறக்கச் சொன்னாள். உள்ளே பால்மாவு டின்கள். இளைத்த பிள்ளைகளுக்கு மட்டும்தான், உன் பிள்ளைக்கு எதற்கு என்று சன்னாசியின் கன்னத்தைக் கிள்ளினாள்.

நவமணி டின்களைப் பார்த்தாள். இது என் பிள்ளை இல்லை என்று சொன்னால் போதும். ஓடிப்போய் மகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். சொல்லத்தான் நினைத்தாள். இத்தனை பேர் முன்னால் நாக்கு எழவில்லை. பெற்ற பிள்ளைக்கு வருகிற பாலைத் தட்டிவிட்டு எதற்கு இந்த மானம் என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அப்போதும் நாக்கு எழவில்லை.

ஜன்னலோரம் நின்றிருந்த இருளாயி சத்தமில்லாமல் வெளியே நழுவினாள்.

கொஞ்ச நேரத்தில் ராக்காயி மூச்சிரைக்க வந்து நின்றாள். இடுப்பில் நவமணியின் மகள்.

தராசில் வைத்தபோதுகூடத் தெம்பில்லாமல் கண்ணை மூடிக் கிடந்தது குழந்தை. மிஸ்ஸியின் முகம் மாறியது. யார் பிள்ளை இது என்றாள்.

நவமணி ஒரு அடி எடுத்து வைத்தாள். அதற்குள் ராக்காயி முந்திக்கொண்டாள்.

“என் புள்ளதான் மிஸ்ஸி. நாந்தான் சரியா கவனிக்கல.”

மிஸ்ஸி பிடித்துக்கொண்டாள். கேட்க வேண்டியதைக் கேட்டாள், கேட்கக் கூடாததையும் கேட்டாள். வேலை வாங்குகிற மண்டோரையே நடுரோட்டில் நிறுத்தி நாலு வார்த்தை கேட்கிறவள் ராக்காயி. அவள் தலை குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். அத்தனையும் தனக்கு வர வேண்டியது என்று நவமணிக்குத் தெரியும். முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

கடைசியில் மிஸ்ஸி ஒரு டின்னை எடுத்து ராக்காயி கையில் கொடுத்தாள். பிள்ளை வளர்ப்பது எப்படி என்று இந்தம்மாவிடம் போய்க் கற்றுக்கொள் என்று நவமணியைக் காட்டினாள்.

அப்போதுதான் குழந்தை கண் விழித்தது. எதிரே நின்ற அம்மாவைப் பார்த்தது.

வீறிட்டு அழுதது. ராக்காயியின் இடுப்பில் நிற்காமல், நவமணியை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டித் தாவியது.

மிஸ்ஸிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பாத்தியா, யாருகிட்டப் போனா வயிறு நெறயும்னு புள்ளைக்கே தெரியுது.”

நவமணிக்கு மார்பில் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது.

அவள் சன்னாசியை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி, அந்த ஈரத்தின்மேல் அணைத்துக்கொண்டாள்.